முச்சந்தியில் நின்று தலையைத் திருப்பும் எலி: அது யோசிக்கிறதா?

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் கற்றல் பற்றிய பாடத்திற்காக, டி எழுத்து வடிவப் புதிர்ப்பாதையில் எலி ஓடும் காணொளி ஒன்றை வகுப்பில் காட்டினேன். எலி நீண்ட பாதையில் விரைந்து வந்தது. முச்சந்தியை அடைந்ததும் சட்டென்று நின்றது. இடப்பக்கம் தலையை நீட்டி மீசை துடிக்க ஒரு கணம் இருந்தது, பிறகு வலப்பக்கம் நீட்டியது, மறுபடியும் இடப்பக்கம் பார்த்தது, அதன் பின்னரே வலப்பக்கம் திரும்பி ஓடி உணவை எடுத்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் இராது. முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "அம்மா, அது யோசிக்கிறதா?" என்று கேட்டாள். "அப்படித்தான் தோன்றுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்திற்குப் போய்விட்டேன். அந்தப் பதில் அன்று முதல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் ஐயம் இதுதான். எலி சரியான பக்கம் திரும்பியது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அது ஆராய்ந்து முடிவெடுத்தது என்று சொல்ல முடியாது; பலமுறை ஓடிப் பழகிய கால்கள் தாமாகவே திரும்பியிருக்கலாம். தலையைத் திருப்பியது வெறும் மோப்பமாகவும் இருக்கலாம். பழக்கத்தால் திரும்பும் எலியையும் யோசித்துத் திரும்பும் எலியையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய ஆய்வாளர்கள் என்ன வழி கண்டார்கள்? பாடநூலில் உளவியலாளர் டோல்மனின் பெயரும், இடங்களின் அமைப்பை உள்ளத்தில் வைத்திருப்பதைக் குறிக்கும் மனவரைபடம் என்ற சொல்லும் இரண்டு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால், அந்த மாணவிக்கு ஒழுங்கான பதிலைக் கொண்டுபோவேன்.


பழைய அலமாரி எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. இந்தத் துறையின் முதல் ஐம்பது ஆண்டுச் சண்டையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

எலியைப் புதிர்ப்பாதையில் விட்டுப் பார்த்த முன்னோடி, அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லார்ட் ஸ்மால். இலண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் வேலிப் புதிர்ப்பாதையைச் சற்று மாற்றி, எலிக்கு ஏற்ற சிறிய அளவில் கம்பி வலையால் செய்து, 1901-இல் முடிவுகளை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் வாட்சன், எலிகளின் பார்வை, செவிப்புலன், மோப்பம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தும் அவை பாதையைக் கற்றுக்கொண்டதைக் கண்டு, எலி தன் தசைகளின் அசைவை மட்டுமே நம்பி ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1908-இல் ஹார்வி காரும் அவரும் செய்த சோதனை அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது. நன்றாகப் பழகிய புதிர்ப்பாதையின் நேரான பகுதிகளைச் சற்றே குட்டையாக்கிவிட்டு எலியை விட்டார்கள். அது வழக்கமான வேகத்தில் வந்து, திருப்பம் இருக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை என்பதுபோல் ஓடி, எதிரே இருந்த சுவரில் போய் மோதியது. கண்ணுக்கு நேரே சுவர் இருக்கிறது. ஆனாலும் கால்கள் பழைய கணக்கிலேயே ஓடின. பழக்கம் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு எதிர்த்தரப்பு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உருவானது. அங்கே மக்ஃபார்லேன் என்பவர் 1930-இல், நீர் நிரப்பிய புதிர்ப்பாதையில் எலிகளை நீந்தப் பழக்கினார். பிறகு உள்ளே ஒரு தளத்தைப் போட்டு, அவை நீரில் நடந்து செல்லும்படி செய்தார். நீந்துவதற்கும் நடப்பதற்கும் தசை அசைவுகள் முற்றிலும் வேறு. இருந்தும் எலிகள் தடுமாறவில்லை. அப்படியானால் அவை கற்றது அசைவுகளின் வரிசையை அல்ல, இடங்களின் அமைப்பை.

அதே ஆண்டு எட்வர்ட் டோல்மனும் ஹான்ஸிக்கும் வெளியிட்ட சோதனைதான் உங்கள் பாடநூலில் இருப்பது. பதினான்கு முச்சந்திகள் கொண்ட பாதை, மூன்று எலிக்கூட்டங்கள், நாளொன்றுக்கு ஒரே ஓட்டம். முதல் கூட்டத்திற்கு நாள்தோறும் முடிவில் உணவு உண்டு, இரண்டாவதற்கு ஒருநாளும் இல்லை. மூன்றாவது கூட்டம் பத்து நாள்கள் உணவின்றிச் சுற்றித் திரிந்தது. பதினொன்றாம் நாள் முதல் உணவு வைத்தார்கள். பன்னிரண்டாம் நாளே அவற்றின் தவறுகள் சரிந்து, தொடக்கத்திலிருந்தே உணவு பெற்ற எலிகளுக்கு இணையாகிவிட்டன. ஒரே ஒருமுறை உணவைக் கண்டதால் இத்தனை திருப்பங்களையும் ஒரே இரவில் கற்றிருக்க முடியாது. உணவே இல்லாத அந்தப் பத்து நாள்களிலும் எலி எதையோ சேர்த்து வைத்திருக்கிறது. பயன் வந்தபோது அதை எடுத்துப் பயன்படுத்தியது.

ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமானது, அவர்களே செய்த இன்னொரு சோதனை. உணவுப் பெட்டிக்கு மூன்று வழிகள்: குறுகியது, நடுத்தரமானது, நீளமானது. முதல் இரண்டு வழிகளும் உணவுக்குச் சற்று முன்பு ஒன்றாகச் சேர்ந்துவிடும். மூன்றாவது தனியே செல்லும். குறுகிய வழியின் தொடக்கப் பகுதியை அடைத்தால் எலி நடுத்தர வழிக்குப் போகும். பொதுவான அந்தக் கடைசிப் பகுதியை அடைத்தால்? குறுகிய வழியில் போய் முட்டித் திரும்பிய எலிகளுள் பெரும்பாலானவை, பழக்கப்படி அடுத்ததாகிய நடுத்தர வழியை முயலாமல், நேரே நீளமான மூன்றாவது வழியைப் பிடித்தன. "அங்கே அடைப்பு இருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்" என்ற ஒரு படி அதற்குள் இருக்கிறது. அந்த ஒரு படியைத்தான் நான் யோசனை என்று கொள்கிறேன்.

முச்சந்தியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதை 1930-களில் முயன்சிங்கர் என்பவர் குறித்து வைத்தார். டோல்மன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, உடலால் போகாமல் உள்ளத்தால் போய்ப் பார்க்கும் செயல் என்று பொருள் கூறினார். அன்று அதற்குச் சான்று கிடையாது. அவருடைய ஊகம் மட்டுமே.


வெள்ளெலி எழுதியது:

நூல்களில் இல்லாத ஒன்றை, கையால் செய்து பார்த்தவள் என்ற முறையில் சேர்க்கிறேன்.

முதுகலை ஆய்வின்போது இதே டி வடிவப் பாதையில் விஸ்டார் வகை எலிகளைப் பழக்கினேன். வலப்பக்கம் எப்போதும் உணவு. ஒரு வாரத்திற்குள் எல்லா எலிகளும் தவறாமல் வலப்பக்கம் திரும்பின. "வலப்பக்கம் திரும்பு" என்பதைக் கற்றுக்கொண்டன என்று குறிப்பேட்டில் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன். அதைப் படித்த என் வழிகாட்டி, வேறொன்றும் சொல்லாமல், பாதையை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி ஓட்டச் சொன்னார். மறுநாள் முதல் எலி முச்சந்திக்கு வந்தது, நின்றது, தலையை இருபுறமும் திருப்பியது, பிறகு இடப்பக்கம் போனது. அந்த இடப்பக்கத்தில்தான் அறையின் சன்னல் இருந்தது. முன்பு பாதையின் வலக்கை, அதாவது வலப்பக்கக் கிளை, நீண்டிருந்த திசையும் அதுவே. அடுத்தடுத்து வந்த எலிகளுள் பெரும்பாலானவையும் அப்படியே செய்தன. அவை கற்றிருந்தது "வலம்" அன்று, "சன்னல் பக்கம்" என்பது. நான் எழுதி வைத்திருந்த ஒருவார முடிவு முழுவதும் தவறான சொல்லால் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின் பாதையின் தளத்தை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும் என்பதையும், துடைக்காவிட்டால் பின்னால் வரும் எலி முன்னால் போன எலியின் மூத்திர வாடையைப் பின்பற்றும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

நான் கண்டது பாதிக் கதை. மீதியை மார்க் பக்கார்டும் ஜேம்ஸ் மக்காவும் 1996-இல் மிக அழகாகக் காட்டியிருக்கிறார்கள். சிலுவை வடிவப் பாதையில் எப்போதும் ஒரே முனையிலிருந்து விட்டு, ஒரே பக்கத்தில் உணவு வைத்துப் பழக்கினார்கள். எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் மட்டும், எதிர்முனையிலிருந்து எலியை விட்டார்கள். உணவு இருந்த இடத்தை நோக்கிப் போனால் அது இடத்தை அறிந்த எலி. பழைய திருப்பத்தையே திரும்பினால் அது பழக்கத்தில் ஓடும் எலி. எட்டாம் நாள் பெரும்பாலானவை இடத்தை நோக்கிப் போயின. பதினாறாம் நாள் பெரும்பாலானவை பழைய திருப்பத்தையே திரும்பின. அதே எலி, அதே பாதை. இடையில் ஒரு வாரப் பழக்கம் மட்டுமே கூடியிருந்தது.

அடுத்தது இன்னும் முக்கியம். எட்டாம் நாள் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியை லிடோகெயின் செலுத்திச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்தபோது, இடத்தை நாடும் போக்கு மறைந்தது. பதினாறாம் நாள் காடேட் என்னும் பகுதியை மரத்துப்போகச் செய்தபோது, பழக்கத்தில் ஓடிய எலிகள் மறுபடியும் இடத்தை நோக்கிப் போயின. பழக்கம் வந்தபின் இட அறிவு அழியவில்லை; அடியில் அப்படியே இருந்தது, மேலே பழக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆகவே, கார்முகில் அம்மா, "எலி யோசிக்கிறதா, பழக்கத்தில் ஓடுகிறதா" என்ற கேள்விக்கு முன்னால், "பழகத் தொடங்கி எத்தனையாவது நாள்" என்று கேட்க வேண்டும். சுவரில் மோதிய எலியும், நீந்தியும் நடந்தும் வழி தப்பாத எலியும் ஒரே விலங்கின் இரு நிலைகள் என்றே எனக்குப் படுகிறது.


ஐயம் தெளி எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஆயினும் சில இடங்களில் நாம் விரைந்து போகிறோம் என்று கருதுகிறேன். மாணவிக்குப் போகும் பதில் என்பதால் இவற்றையும் சொல்லிவிடுவது நல்லது.

டோல்மனின் புகழ்பெற்ற கதிர்வடிவப் பாதை, 1946-இல் ரிட்சி, காலிஷ் ஆகியோருடன் செய்தது. சுற்றி வளைத்துச் செல்லும் ஒரே வழியில் பழகிய எலிகளுக்கு, அவ்வழியை அடைத்துவிட்டு, கதிர்களாக விரியும் பதினெட்டு வழிகளைத் திறந்து காட்டினார்கள். முன்பு உணவு இருந்த இடத்தின் வாயிலுக்கு நான்கு அங்குலம் முன்னால் சென்று முடியும் வழியை 36 விழுக்காட்டு எலிகள் தேர்ந்தன. மனவரைபடத்திற்குச் சான்றாக இதை எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் பழக்கும்போது உணவுப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோதனையின்போதும் அது அங்கேயே இருந்தது. எலி வரைபடத்தைப் பார்த்ததா, விளக்கைப் பார்த்ததா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. உணவில்லாத பத்து நாள்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: ஓட்டம் முடிந்ததும் எலியைக் கையில் எடுத்துக் கூண்டில் விடுவதே சிறிய பரிசாக அமையலாம். உணவே பெறாத கூட்டத்தின் தவறுகளும் மெல்லக் குறைந்தன என்பதை மறக்கக் கூடாது.

என் முக்கியமான தடை வேறு. பயன் மாறும்போது உடனே நடத்தையை மாற்றிக்கொள்வதற்கு, எலி வழிகளை மனத்தில் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. பீட்டர் தயான் 1993-இல் முன்வைத்த கணக்கு முறை ஒன்று உண்டு: ஒவ்வோர் இடத்திலும் "இங்கிருந்து போனால் பின்னால் எந்தெந்த இடங்களில் இருப்பேன்" என்பதை மட்டும் நினைவில் சேர்த்து வைத்தால் போதும். ஓரிடத்தில் உணவு வந்தது தெரிந்தவுடன், அந்த இடத்திற்கு இட்டுச்செல்லும் எல்லாத் திருப்பங்களும் ஒரே பெருக்கலில் மதிப்புப் பெற்றுவிடும். அங்கே எந்த ஆலோசனையும் நிகழ்வதில்லை. பன்னிரண்டாம் நாள் அதிசயத்தை இந்த எளிய முறையே விளக்கிவிடும்.

ஆனால் வழியே மாறும்போது, அதாவது இடையில் அடைப்பு வரும்போது, அந்தச் சேமிப்பு பழையதாகிப் போகும். அதை மட்டும் வைத்துக்கொண்டு சரியான மாற்றுவழியை உடனே எடுக்க முடியாது. அதனால்தான் பழைய அலமாரி அவர்கள் சொன்ன மூவழிச் சோதனை, பாடநூலில் இடம்பிடித்த சோதனையைவிட மதிப்புடையது என்பதில் நானும் உடன்படுகிறேன். எலி சரியாக ஓடுவதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எதை மாற்றினோம், மாற்றியவுடன் வந்த முதல் ஓட்டத்தில் என்ன செய்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் ஓட்டம் வந்துவிட்டால் அது மறுபடியும் கற்றலாகிவிடும்.


நரம்பிழை எழுதியது:

ஐயம் தெளி அவர்கள் கேட்பது சரியே. நடத்தையை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் மாற்று விளக்கம் சொல்ல முடியும். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில், எலி ஓடும்போதே அதன் மூளை நரம்பணுக்களான நியூரான்களின் மின்துடிப்பைக் கேட்க முடிந்திருக்கிறது. தலையைத் திருப்பும் அந்த இரண்டு நொடிக்கு நேரடியான சான்று அங்கிருந்து வருகிறது.

1971-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் தோஸ்த்ரோவ்ஸ்கியும், எலியின் ஹிப்போகாம்பஸில் சில நியூரான்கள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எலி இருக்கும்போது துடிப்பதைக் கண்டார்கள். ஓகீஃபுக்கு, மோசர் இணையரோடு சேர்த்து, 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில்தான். நம் பொருளுக்கு வேண்டியது இதன் மறுபக்கம்: எந்த நியூரான்கள் துடிக்கின்றன என்று பார்த்தால், எலியின் மூளை இந்தக் கணத்தில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று நாம் படிக்கலாம். பெரும்பாலும் அது எலி நிற்கும் இடமாகவே இருக்கும்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும் 2007-இல் வெளியிட்டது, அப்படி இல்லாத கணங்களைப் பற்றியது. எலி முச்சந்தியில் நின்று தலையைத் திருப்பும்போது, அதன் உடல் அங்கேயே இருக்க, நியூரான்கள் குறிக்கும் இடம் முன்னோக்கிப் புறப்பட்டது. ஒரு பக்கக் கையின் வழியே ஓடியது, பிறகு மறுபக்கக் கையின் வழியே ஓடியது. டோல்மன் ஊகித்த "உள்ளத்தால் போய்ப் பார்த்தல்" நியூரான்களின் துடிப்பில் படிக்கக் கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதே குழுவினர் 2009-இல், பரிசு கிடைக்கும்போது துடிக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் பகுதியின் நியூரான்கள், பரிசே இல்லாத அந்த முச்சந்தியிலும் துடிப்பதைக் காட்டினார்கள். ஒரு பகுதி வழியை ஓட்டிப் பார்க்கிறது. இன்னொரு பகுதி அதன் பயனை எடைபோடுகிறது என்று இதைக் கொள்வது பொருத்தமாக இருக்கிறது. 2020-இல் லோரன் ஃபிராங்கின் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை, ஓடிக்கொண்டிருக்கும் எலியிலும் இடக்கை, வலக்கை ஆகிய இரு எதிர்காலங்கள் நொடிக்கு எட்டு முறை என்ற தாளத்தில் மாறி மாறி வருவதைப் பதிவு செய்தது.

இதெல்லாம் உடன்நிகழ்வுதானே, காரணமா என்று கேட்கலாம். அதே ஆய்வகத்தில் ஷாந்தனு ஜாதவும் பிறரும் 2012-இல், விழித்திருக்கும் எலியின் ஹிப்போகாம்பஸில் எழும் குறுகிய மின்னலைகளைக் கண்டவுடன் குலைத்துப் பார்த்தார்கள். மூன்று கைகள் கொண்ட பாதை அது. பக்கக் கையிலிருந்து நடுக்கைக்குத் திரும்பி வருவதை எலிகள் வழக்கம்போலக் கற்றன. நடுக்கையிலிருந்து புறப்படும்போது, சென்றமுறை எந்தப் பக்கம் போனோம் என்று நினைந்து இம்முறை மறுபக்கம் போக வேண்டிய இடத்தில் மட்டும் தடுமாறின. நினைவை எடுத்து அடுத்த படியோடு பொருத்த வேண்டிய இடத்தில்தான் கெடுதல் வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ரெடிஷின் ஆய்வகத்தில் ஆடம் ஸ்டைனர் 2014-இல் செய்த சோதனையில், வட்டப் பாதையைச் சுற்றி நான்கு "உணவகங்கள்" இருந்தன: வாழைப்பழம், செர்ரி, சாக்லேட், சுவையூட்டாதது. எலிக்கு ஒரு மணி நேரமே உண்டு. ஒவ்வொரு கடை வாசலிலும் ஓர் ஒலி கேட்கும். ஒலியின் சுருதி உயர உயரக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடும். எலிகள் தத்தமக்குப் பிடித்த சுவைக்கு அதிக நேரம் காத்திருந்தன, பிடிக்காததைக் கடந்து போயின. சில வேளைகளில், காத்திருந்திருக்கத் தக்க ஒரு கடையை எலி விட்டுவிட்டுப் போகும். அடுத்த கடையிலோ நெடுநேரம் நிற்கச் சொல்லும். அப்போது எலி நின்று, கடந்து வந்த கடையைத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் கண்குழிக்கு மேலுள்ள மூளைப்புறணியின் நியூரான்கள் அந்தப் பழைய கடையைக் குறித்தன. அதன்பின் வழக்கமாக மறுக்கும் நீண்ட காத்திருப்பையும் அது ஏற்றுக்கொண்டது; உணவு வந்ததும் வழக்கத்தைவிட விரைவாகத் தின்றுவிட்டு நகர்ந்தது. தன் தவறு எதுவுமின்றி ஏமாந்தபோது இப்படி நிகழவில்லை. ஆய்வாளர்கள் இதற்குக் கழிவிரக்கம் என்றே பெயரிட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் இல்லை.


கார்முகில் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. தலையைத் திருப்புவது ஆலோசனையின் அடையாளம் என்றால், வெள்ளெலி அவர்கள் சொன்னபடி பழக்கம் ஏறிய பிறகு அது குறைய வேண்டும் அல்லவா? மின்முனைகள் ஏதும் இல்லாமல் இதை மாணவர்கள் தாங்களே பார்க்க வழியுண்டா?


வெள்ளெலி எழுதியது:

குறைகிறது, அம்மா. ஓட்டம் ஒரே சீராகப் பழகப் பழக முச்சந்தித் தயக்கம் மறைந்துபோவதும், விதி மாறிய நாளில் மறுபடி தலைகாட்டுவதும் பல ஆய்வகங்களில் பதிவாகியிருக்கின்றன. ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த எலிகளிடம் இந்தத் தலைத்திருப்பல் குறைவு என்பதும் தெரிந்ததே; மோப்பம் மட்டுமே காரணம் என்றால் அது குறைய வேண்டியதில்லை.

வகுப்பில் பார்க்க எலி வேண்டாம். ஒரே எலியின் முதல் வார ஓட்டங்களும் மூன்றாம் வார ஓட்டங்களும் அடங்கிய காணொளி கிடைத்தால் போதும். மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, எது எந்த வாரம் என்று சொல்லாமல், முச்சந்தியில் தலை எத்தனை முறை பக்கம் மாறியது, எத்தனை நொடி நின்றது என்று தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துவராத ஓட்டங்களை ஒதுக்கி வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பாதை திருப்பி வைக்கப்பட்ட நாளின் முதல் ஓட்டமும் அந்தக் காணொளியில் இருந்தால், அதைக் கடைசியாகக் காட்டுங்கள். உங்கள் மாணவி எண்ணத் தொடங்குமுன்பே எலி நின்றுவிடும்.